விடை மட்டும் போதுமா?

147573952589676412927. இந்த எண்ணைப் பாருங்க, 21 இலக்கம்! 67 இரண்டுகளைப் பெருக்கி, அதுல 1 கழிச்சா இது வரும்.

இது பகா எண் என்று 1644-இல் மெர்சென் எழுதினார். இல்லை, பகு எண்தான் என்று 1876-இல் லூகாஸ் நிரூபித்தார். ஆனால் எதால் வகுபடும் என்று அவரும் காட்டவில்லை. 1903-இல் அமெரிக்கப் பேராசிரியர் கோல் காட்டினார்:

193707721 × 761838257287

இதற்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆனதாம்!

நான் இந்த ரெண்டையும் நோட்டுல பெருக்கிப் பார்த்தேன். ஒரு இடத்துல தப்பாகி, மறுபடியும் போட்டேன். கடைசியில சரியா வந்துச்சு. சரிபார்க்க ஒரு சாயங்காலம், கண்டுபிடிக்க மூணு வருஷம்!

நானும் புத்தகத்தின் பின்பக்க விடையைப் பார்த்து வீட்டுக்கணக்கு எழுதினவன்தான். உண்மையில் அது யாரோ போட்ட கணக்கு. இனிமேல் தப்பா வந்தாலும் நானே போடப் போறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடை தப்பானாலும், சொந்தமா முயன்ற வழிக்கு மார்க் கொடுங்க. கோலுக்கும் எத்தனையோ ஞாயிறு விடை கிடைக்காமத்தானே போயிருக்கும்?

– 10-ஆம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு