பொங்கலுக்குக் கழுவிய தரை

சென்ற இதழில் வெப்பமூட்டிக் கணக்கைப் பற்றி எழுதினோம். இம்முறை எங்கள் காலடியில் கிடக்கும் விஷயம்.

எர்லாங்கனில் எங்களுக்கு வீடு கிடைத்த முதல் வருடம், பொங்கலுக்கு முதல் நாள் வரவேற்பறையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். ஊரில் சீமெந்துத் தரையை அப்படித்தானே கழுவுவோம்! இரண்டு நாளில் பலகைகளின் ஓரங்கள் ஊதி எழும்பிவிட்டன. மரம் என்று நாங்கள் நம்பியது லமினேற். மேலே இருப்பது மரத்தின் படம் அச்சடித்த தாளும் பிசின் பூச்சும்தான். உள்ளே அழுத்திய மரநார்ப் பலகை. இடுக்கால் தண்ணீர் இறங்கினால் அது ஊதும். காய்ந்தாலும் பழையபடி வராது.

பயத்தில் அந்த இடத்தை விரிப்பால் மூடினோம். வீட்டுக்காரர் படியேறும் சத்தம் கேட்டாலே நெஞ்சு இடிக்கும். ஒன்றரை வருடம் இப்படி ஒளித்ததில், விரிப்புக்கடியில் ஈரம் காயாமல் இன்னும் நாலு பலகை கெட்டதுதான் மிச்சம். தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் துருக்கி நண்பர் சொல்லித்தான் ‘மீற்றர்பெரைன்’ எனும் வாடகைக் குடியிருப்பாளர் சங்கத்துக்குப் போனோம். அங்கே அறிந்ததையும் பிறகு பட்டறிந்ததையும் இங்கே தருகிறோம்.

சேதத்தை ஒளிக்காதீர்கள், வீட்டுக்காரருக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள். அறிவிக்காததால் சேதம் கூடினால் அதற்கும் நாங்களே பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் நாங்கள் காசு கட்டவேண்டியதில்லை. சாதாரணப் பாவனையால் வரும் தேய்வுக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்று ஜேர்மன் சிவில் சட்டத்தின் 538ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் பிழையால் கெட்டாலும் தரையின் வயதைக் கழித்தே கணக்குப் பார்க்கவேண்டும். பத்து வருடம் பாவிக்கக்கூடிய தரை எட்டு வருடம் பழையது என்றால், புதிதாகப் போட 1000 யூரோ முடிந்தாலும் எங்கள் பங்கு ஏறக்குறைய 200 யூரோதான். முழு அறைக்கும் காசு கேட்ட எங்கள் வீட்டுக்காரரும் இதை எழுதிக் காட்டியபின் ஒரு பகுதியுடன் ஒத்துக்கொண்டார். ‘பிறிவாட் ஹாஃப்ற்ப்ளிக்ற்’ காப்புறுதி உள்ளவர்கள், வாடகை வீட்டுச் சேதமும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

சிறு கீறல் என்றால் பவுமார்க்ற் கடையில் நிறத்துக்கேற்ற கடினமெழுகு விற்கிறது. உருக்கி நிரப்பி, மட்டமாகச் சுரண்டிவிடலாம். ஊதிய பலகையை மாற்றத்தான் வேண்டும். அதற்கு முதலில் வீட்டுக்காரரின் சம்மதம் எடுங்கள். கிட்டிய சுவரோரச் சட்டத்தைக் கழற்றி, அங்கிருந்து வரிசை வரிசையாகப் பலகைகளைக் கழற்றிவாருங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் இலக்கம் போடுங்கள். கீழே ஈரமிருந்தால் நன்றாகக் காயவிடுங்கள். புதுப் பலகையின் தடிப்பும் பூட்டும் பழையதோடு பொருந்தவேண்டும். ஒரு பலகையைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். வாங்கியதைப் பிரிக்காமல் 48 மணித்தியாலம் அதே அறையில் வைத்துவிட்டுப் பூட்டுங்கள். சுவரோரம் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி அவசியம். இல்லாவிட்டால் தரை விரியும்போது மேலெழும்பும்.

புதிதாக வீடு எடுப்பவர்கள் திறப்பு வாங்கும் அன்றே எல்லா அறைகளையும் படமெடுத்து, பழைய கீறல்களை ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதுவியுங்கள். விளங்காத பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்.

1686இல் பிரான்சிலிருந்து வந்த ஹியூகனோ அகதிகளைக் குடியேற்றவே கிறிஸ்டியன் ஏர்ன்ஸ்ட் எனும் சிற்றரசர் எங்கள் எர்லாங்கனின் புதுநகரைக் கட்டினார். அகதிகளுக்காகக் கட்டிய ஊரில் இருந்துகொண்டு ஊதிய பலகைக்குப் பயந்து ஒன்றரை வருடம் நித்திரை கெட்டோமே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. தந்த வீட்டைக் கவனமாக வைத்திருப்பது எங்கள் கடமை. நியாயமான கணக்கைக் கேட்பது எங்கள் உரிமை.

இப்போதும் பொங்கலுக்கு முதல் நாள் தரை துடைக்கிறோம், நன்றாகப் பிழிந்த துணியால். அடுத்த இதழில் சுவரில் வரும் பூஞ்சணத்தைப் பற்றிப் பார்ப்போம்.