நட்சுமேவுக்குப் பிறகு என்ன பார்ப்பது?

'நட்சுமே யூஜின்சோ' அனிமேயைப் பார்த்து முடித்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இதே மாதிரி வேற என்ன இருக்கு?" கேட்டவுடன் பலர் 'முஷிஷி'யைச் சொல்லிவிடுவார்கள். இரண்டிலும் மற்றவர் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், மலை, காடு, அவசரமில்லாத கதை. 2005இல் வந்த 'முஷிஷி' அருமையான தொடர், சந்தேகமே இல்லை. ஆனால் நட்சுமேயில் மனம் கரைந்தவருக்கு அதை அடுத்ததாக நான் சொல்லமாட்டேன். அதன் நாயகன் கிங்கோ எந்த ஊரிலும் நிலையாகத் தங்க முடியாதவன். நட்சுமேயோ தாய் தகப்பன் இல்லாமல் உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்து, கடைசியில் தனக்கென ஒரு வீடு கிடைத்த பையன். நாம் உருகியது அந்த வீட்டுக்காக.

நட்சுமே முதல் சீசனின் இரண்டாம் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஊரே கும்பிட்ட தெய்வம். கும்பிடுகிறவர்கள் குறையக் குறைய அதன் உருவமும் சிறுத்துக்கொண்டே வந்து, இப்போது உள்ளங்கையில் நிற்கும் அளவுதான். ஹானா என்ற மூதாட்டி மட்டும் விடாமல் வந்து கும்பிடுகிறார். அவர் இறந்ததும் தெய்வமும் மறைந்துவிடுகிறது. பயமுறுத்த அங்கே ஒன்றுமில்லை. தன்னை நினைக்க ஒரே ஒருவர் இருந்தாலும் வாழ்ந்துவிடலாம் என்கிற ஏக்கம்தான் இருக்கிறது. அடுத்த தொடரிலும் அந்த ஏக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பேய் இருக்கிறதா என்று தேடாதீர்கள்.

அப்படிப் பார்த்தால் முதலில் வருவது 2011இல் வெளியான 'உசாகி டிராப்'. பதினொன்றே எபிசோட். தாத்தாவின் சாவுக்குப் போகிறான் முப்பது வயது தாய்கிச்சி. அங்கே ரின் என்ற ஆறு வயதுச் சிறுமி; தாத்தாவின் மகளாம். நம் முறைப்படி சொன்னால் அவனுக்குச் சித்தி! யார் தலையில் இவளைக் கட்டுவது என்று பெரியவர்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருக்க, அவள் தோட்டத்துப் பூக்களைப் பறித்து வந்து பெட்டியில் கிடக்கும் தகப்பனுக்கு வைக்கிறாள். "என் வீட்டுக்கு வர்றியா?" என்று தாய்கிச்சி கேட்கும் இடம் அதற்குப் பிறகுதான். அவளுக்காக அலுவலகத்தில் ஓவர்டைம் இல்லாத பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்குகிறான். பாசத்தை இப்படி நேரக் கணக்காகக் காட்டிய தொடர்கள் குறைவு. ஒன்று மட்டும்: இதன் மங்கா பிற்பகுதியில் வேறு திசையில் போகிறது. அனிமேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, 'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்'. 2016இல் தொடங்கியது, இரண்டு சீசன்கள், 44 எபிசோட். விபத்தில் குடும்பத்தை இழந்த ரே, பதினேழு வயதிலேயே தொழில்முறை ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) ஆட்டக்காரன். ஆற்றோரத்தில் வெறிச்சோடிய ஒரு அறையில் தனியாக இருக்கிறான். பாலம் கடந்தால் மூன்று சகோதரிகளின் வீடு. அங்கே எப்போதும் அவனுக்கும் சேர்த்தே சமைக்கிறார்கள். தொடக்கம் கனமானது, அவசரப்படாதீர்கள். இரண்டாம் சீசனில், வகுப்பில் ஒதுக்கப்பட்ட தோழிக்காக நின்ற நடுச் சகோதரி ஹினா, தானே கொடுமைக்கு ஆளாகிறாள். அழுதுகொண்டே, செய்தது சரிதான் என்று உறுதியாகச் சொல்கிறாள். சின்ன வயதில் தனக்காக யாரும் நிற்காத ரே அதைக் கேட்டு நிற்கிறான். அந்தக் காட்சி ஒன்றுக்காகவே 44 எபிசோடும் பார்க்கலாம்.

அழுது களைத்தால் நடுவில் 'பாரகமோன்' (2014). விமர்சித்த முதியவரை அடித்துவிட்டு கோதோ தீவுக்கு அனுப்பப்படும் இளம் அழகெழுத்துக் கலைஞன். அவன் வீட்டையே தன் விளையாட்டிடமாக வைத்திருக்கும் சிறுமி நாரு. நாருவுக்குக் குரல் கொடுத்ததும் ஒரு சிறுமிதான்; அந்தச் சிரிப்பில் அது தெரிகிறது. 12 எபிசோட், ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம்.