ஒன்றியமா, மத்தியா? ஊசி எங்கேய்யா?

2021 ஜூன் மாசம் ஞாபகம் இருக்கா மக்களே? கொரோனா இரண்டாம் அலை இன்னும் அடங்கவில்லை. முகாமுக்குப் போனால் தடுப்பூசி இல்லைன்னு திருப்பி அனுப்பினார்கள். ராத்திரி டிவியைப் போட்டால் என்ன விவாதம் தெரியுமா? "மத்திய அரசு"ன்னு சொல்லணுமா, "ஒன்றிய அரசு"ன்னு சொல்லணுமா! சட்டமன்றத்திலேயே பா.ஜ.க.வின் நயினார் நாகேந்திரன் கேட்க, முதல்வர் ஸ்டாலின் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவைக் காட்டிப் பதில் சொன்னார்.

சரி, மேட்டருக்கு வருவோம். எனக்குக் கருங்குழி. (வள்ளலார் இருந்த கருங்குழி வடலூர்ப் பக்கம். இது மதுராந்தகம் பக்கம்.) இங்கிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் வடக்கே போனால் செங்கல்பட்டு, அதை ஒட்டித் திருமணி. அங்கே 100 ஏக்கரில் எச்எல்எல் பயோடெக்கின் தடுப்பூசி வளாகம். 2012-ல் 594 கோடி ரூபாய்த் திட்டமாக ஆரம்பித்தது. நாடே ஊசிக்கு அலைந்தபோது அங்கிருந்து ஒரு டோஸ்கூட வரவில்லை. மே கடைசியில் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கன்னு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கிடைக்கவில்லை.

வார்த்தை முக்கியமில்லையா, அது மாநில உரிமையாச்சேன்னு கேட்பீங்க. நானும் "ஒன்றிய அரசு"ன்னுதான் எழுதுவேன். ஆனா திருமணியைவிடப் பெரிய மாநில உரிமைப் பிரச்னை அன்னிக்கு வேற என்ன இருந்தது?

ஏன் பேசலை? 2012-ல் டெல்லியில் காங்கிரஸ், அமைச்சரவையில் தி.மு.க.வும் உண்டு. 2014-லிருந்து பா.ஜ.க. கோட்டையில் பத்து வருஷம் அ.தி.மு.க. ஆக, விவாதத்துக்கு வர்ற நாலு நாற்காலிக்கும் இதில் பதில் சொல்ற பொறுப்பு இருக்கு. எதிரியைக் கேட்டா, கேள்வி சுத்தி நம்ம தலைமேலயே விழும். வார்த்தைச் சண்டையில் அந்த பயமே இல்லை. காசு செலவில்லை, ஃபைல் புரட்ட வேண்டாம், ரெண்டு பக்கமும் கைத்தட்டல். சேனலுக்கும் லாபம். நிருபரைத் திருமணிக்கு அனுப்பி, ஏன் மெஷின் ஓடலைன்னு தோண்டறதைவிட நாலு பேரைக் கத்தவிடறது மலிவு.

நாங்க ஆணி புடுங்கற இடத்திலும் இதே கதைதான். நாலு டீம் கைவைத்த கோடில் பக் வந்தா மீட்டிங்கில் ஊசி விழுந்தா கேட்கும். பட்டன் நீலமா பச்சையான்னு வந்தா ஒரு மணி நேரம் ஓடும். என்ன, அங்கே கஸ்டமர் ராத்திரியே போன் போட்டுக் கத்துவான். திருமணிக்காக யார் போன் போட்டோம்? நாமதான் "ஒன்றியம்"னு ஒரு ஸ்டேட்டஸ் போட்டுட்டு, கோவின் தளத்தில் ஸ்லாட் தேடிக்கிட்டிருந்தோமே.