மைக் இல்லாத தளத்தில் பிழைத்த சிரிப்பு

ஹாங்காங்கில் 1983இல் வெளியான ‘புராஜெக்ட் ஏ’ படத்தைப் பற்றிய பேச்சு மணிக்கூண்டில்தான் தொடங்கும். கையில் விலங்கோடு கொடிக்கம்பத்தில் ஏறித் தப்பும் ஜாக்கி சான், கடைசியில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குகிறார். பிடி நழுவி, இரண்டு துணிக்கூரைகளைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுகிறார். 1923இல் ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தில் கடிகாரத்தில் தொங்கிய ஹெரால்ட் லாயிடுக்கு அவர் செலுத்திய மரியாதை அது.

ஆனால், அந்தக் கடிகாரம் சின்னக் கடன்தான். மௌனப் படங்களிடமிருந்து ஹாங்காங் பெற்ற பெரிய சொத்து, படம் எடுக்கும் முறை.

உடலால் சிரிக்கவைக்கும் கலையை ஹாலிவுட்டில் ஒடுக்கியது மைக். 1920களின் இறுதியில் பேசும்படம் வந்ததும், இரைச்சல் பதிவாகாமல் இருக்க கேமராவைக் கூண்டுக்குள் அடைத்தார்கள். மைக்குக்கு எட்டும் தூரத்திலேயே நடிகர்கள் நின்று பேச வேண்டியிருந்தது. மௌனப் படங்களில் தெருவிலும் ரயில் கூரையிலும் ஓடிச் சிரிக்கவைத்த பஸ்டர் கீட்டன், அதே காலத்தில் எம்ஜிஎம் நிறுவனத்துக்குள் போய்த் தன் சுதந்திரத்தையும் இழந்தார்.

ஹாங்காங்கில் கதை வேறு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே பெரும்பாலான படங்களுக்குப் படப்பிடிப்பில் ஒலிப்பதிவே கிடையாது. கான்டனீஸ், மாண்டரின் குரல்களெல்லாம் பிறகு டப்பிங்கில் சேர்ந்தன. தளத்தைப் பொறுத்தவரை அவர்கள் எடுத்தது மௌனப் படம்! டேக் ஓடும்போதே இயக்குநர் கத்தலாம். சந்துபொந்தெல்லாம் கேமராவோடு நுழையலாம். சிக்கனத்துக்கு உதவிய ஓர் ஏற்பாடு, அமெரிக்கா கைவிட்ட கலைக்கு வீடு கொடுத்தது.

அந்த வீட்டில் குடியேற ஆட்களும் தயாராக இருந்தார்கள். ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் மூவரும் யு ஜிம்-யுவென் நடத்திய பீக்கிங் ஓபரா பள்ளியில் சிறுவயது முதல் கரணமும் அபிநயமும் கற்றவர்கள். ஓபராவுக்குக் கூட்டம் குறைய, சினிமா ஸ்டன்ட்தான் சோறு போட்டது. இன்னொரு பக்கம், மாண்டரின் படங்களின் ஆதிக்கத்தில் ஒடுங்கிக் கிடந்த கான்டனீஸ் சினிமாவை 1974 முதல் மைக்கேல் ஹுய் தன் நகைச்சுவைப் படங்களால் தூக்கி நிறுத்தியிருந்தார். அவரது ‘பிரைவேட் ஐஸ்’ (1976) படத்தில் சமையலறைச் சண்டைக்குத் தொத்திறைச்சிதான் ஆயுதம்.

‘புராஜெக்ட் ஏ’யில் என்னை வியக்கவைப்பது சந்துக்குள் நடக்கும் சைக்கிள் துரத்தல். சைக்கிள் அங்கே வாகனமாகிறது, கேடயமாகிறது, தடியாகிறது. முன்சக்கரம் ஒருவனை அடிக்கிறது. பின்சக்கரம் இன்னொருவனுக்குக் காத்திருக்கிறது. சந்தின் அகலம், சுவரின் உயரம், எதிராளி நிற்கும் இடம் எல்லாம் நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுகின்றன. கேமரா தள்ளி நின்று முழு உடலையும் காட்டுகிறது. அதனால், அடுத்து என்ன நடக்கும் என்று நாமும் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கை ஜாக்கி சான் உடைக்கும்போது சிரிப்பு வெடிக்கிறது. இது கீட்டனின் இலக்கணம். கடிகாரத்தை யாரும் நகலெடுத்துவிடலாம். இந்த இலக்கணத்தைப் பயிற்சி இல்லாமல் தொட முடியாது.

மணிக்கூண்டு விழுதலில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. லாயிட், கட்டடத்தின் கூரைமேல் செட் போட்டு, கேமராக் கோணத்தால் உயரத்தைக் காட்டினார். கீழே மெத்தை விரித்த மேடை இருந்தது. பயமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஜாக்கி சான் உண்மையாகவே விழுந்தார். அந்த விழுதலைப் படம் ஒருமுறைக்கு மேல் காட்டுகிறது. அந்த நொடியில் கதாபாத்திரம் மறைந்துவிடுகிறது. ஓர் இளைஞனின் கழுத்தெலும்பைப் பற்றிய கவலை மட்டுமே மிஞ்சுகிறது, சிரிப்பு நின்றுபோகிறது. மூன்றாண்டுக்குள், ‘ஆர்மர் ஆஃப் காட்’ படத்துக்காக யூகோஸ்லாவியாவில் மரத்திலிருந்து விழுந்து மண்டையோடு உடைந்து, உயிர் தப்பினார். துணிச்சலைக் கலையின் அளவுகோலாக்கினால் போய்ச் சேரும் இடம் அதுதான்.

1987இல் வந்த ‘புராஜெக்ட் ஏ’ இரண்டாம் பாகத்தில், கீட்டனின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தின் புகழ்பெற்ற காட்சியைப் போல ஒரு பெரிய முகப்பு அவர்மேல் சாய்கிறது. திறப்பு இருக்கும் இடத்தில் நிற்பதால் தப்பிக்கிறார். இங்கே மட்டும் ஆபத்தும் நகைச்சுவையும் மறுபடி ஒரே சட்டகத்துக்குள் சேர்ந்துவிடுகின்றன. காரணம், அவர் எதையும் செய்வதில்லை, அசையாமல் நிற்கிறார்.