மீனுக்குக் கம்பளி

ஜலத்திலேயே பிறந்து ஜலத்திலேயே வாழும் பிராணிக்குக் குளிருமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், குளிர் தேசங்களில் வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியை அலங்கரிக்கும் மீன்களில் பெரும்பாலானவை அந்தத் தேசத்துப் பிரஜைகள் அல்ல. சிவப்பும் நீலமுமாக மின்னும் நியான் டெட்ரா, அமேஸான் நதிப் பிரதேசத்தைப் பூர்விகமாகக் கொண்டது. வாலை விசிறி போல் விரிக்கும் பெட்டா என்னும் சண்டை மீன், தாய்லாந்தின் நெல் வயல்களில் வாழ்ந்த வம்சம். இவற்றுக்கு ஜலம் 24 முதல் 27 டிகிரி சென்டிகிரேட் வரையில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் சௌகரியம். மீன் தன் உடம்பைத் தானே சூடாக்கிக் கொள்ளத் தெரியாத ஜீவன். ஜலத்தின் சூடே அதன் சூடு. ஆகையால் அந்தத் தொட்டிகளில், கண்ணாடிக் குழலில் அடைத்த மின்சார ஹீட்டர் ஒன்று இரவு பகலாக வேலை செய்து கொண்டிருக்கும். மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 15-ந் தேதி அதிகாலையில், அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் மின்சாரத்தை நிறுத்த ஆரம்பித்தார்கள். மறுநாள் டல்லஸ் நகரில் உறைநிலைக்குக் கீழே 19 டிகிரி வரை குளிர் இறங்கிற்று. 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. பலருக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அங்குள்ள வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டப்பட்டவை. அவற்றில் பாதிக்கு மேல் மின்சாரத்தாலேயே சூடேறுகிறவை. ஆகவே விளக்கு அணைந்தபோது கணப்பும் கூடவே அணைந்தது.

டெக்ஸாஸ், மின்சார விஷயத்தில் சுயராஜ்யப் பிரியமுள்ள மாகாணம். தேசத்தின் மற்றப் பகுதிகளோடு அதிகமாக ஒட்டாமல், மாகாணத்தின் பெரும் பகுதிக்குத் தனியாகவே ஒரு மின்சார வலையை வைத்துக் கொண்டிருக்கிறது. சுயராஜ்யத்தில் நமக்குள்ள அபிமானத்தை நேயர்கள் அறிவார்கள். ஆனால், மழைக்காலத்துக்கு விறகு சேர்த்து வைக்காமல் வீட்டைச் சுற்றி மதில் மட்டும் எழுப்புகிறவரை நாம் கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டோம். 2011-ம் வருஷத்திலேயே இம்மாதிரிக் குளிர் வந்து மின் நிலையங்கள் நின்றன. யந்திரங்களையும் எரிவாயுக் குழாய்களையும் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அப்போது விசாரணை செய்தவர்கள் எழுதி வைத்தார்கள். எழுதியதில் பெரும் பகுதி காகிதத்திலேயே சுகமாக இருந்து விட்டது.

பலன் கொடியது. அந்தக் குளிரில் 246 பேர் மாண்டதாக மாகாணச் சுகாதார இலாகா கணக்கிட்டது. கடலோரத்தில் 38 லட்சம் மீன்களாவது செத்து மிதந்தன. விறைத்துப்போன கடல் ஆமைகளை ஆயிரக்கணக்கில் அள்ளி வந்து, தென் பாட்ரே தீவில் மாநாட்டு மண்டபம் ஒன்றின் தரையில் பரப்பி வைத்துக் காப்பாற்றினார்கள்.

"மனிதர் மடியும் வேளையில் தொட்டி மீனைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் நம்மைக் கோபிக்கலாம். ஆற்று மீனுக்குக் குளிர்ந்தால் ஆழத்துக்குப் போகும். வேறு துறை தேடும். தொட்டி மீனுக்குப் போக இடம் ஏது? அதை அங்கே வைத்தவர்கள் நாம். அதோடு, தினமும் அதற்குத் தீனி போடும் குழந்தை இருட்டில் அழுது கொண்டு நிற்கும்போது தகப்பனார் எதையாவது செய்யத்தான் போகிறார். செய்யத் தெரியாமல் செய்வதிலேதான் ஆபத்து இருக்கிறது. ஹூஸ்டனிலும் டல்லஸிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக இருக்கின்றன. இங்கே இருந்து இதைப் படிக்கும் பாட்டனார்கள் அடுத்த முறை பேரனுடன் பேசும்போது இந்த விஷயத்தையும் சேர்த்துக் கொள்ளலாம்.

முதலில் பதற்றம் வேண்டாம். ஜலம் சீக்கிரத்தில் சூட்டை விடாது. நூறு லிட்டர் தொட்டிக்கு நூறு வாட் ஹீட்டர் என்று வைத்துக் கொள்வோம். அது முழு மூச்சுடன் எரிந்தாலும், ஒரு மணி நேரத்தில் அந்த ஜலத்தை ஒரு டிகிரி கூட உயர்த்தாது. அதாவது, முன்னே அந்த ஹீட்டர் ஓயாமல் எரிந்து ஈடு செய்த நஷ்டம் முழுவதும் இப்போது நேர்ந்தாலும், முதலில் மணிக்கு ஒரு டிகிரிக்கு உட்பட்டே ஜலம் குளிரும். பெரிய தொட்டிக்கு இன்னும் அவகாசம் உண்டு. 40 லிட்டர் தொட்டியை விட 200 லிட்டர் தொட்டியில் ஐந்து மடங்கு ஜலம் இருக்கிறது. சூடு தப்பிப் போகும் மேற்பரப்போ, ஒரே வடிவமானால், மூன்று மடங்குக்கும் குறைவு. மெதுவாக இறங்கும் குளிரைப் பல மீன்கள் 20 டிகிரி வரையில் பொறுத்துக் கொள்ளும். சட்டென்று மாறுவதுதான் அவற்றுக்கு எமன்.

ஆகவே, புதிதாகச் சூட்டை உண்டாக்குவதைக் காட்டிலும், இருக்கும் சூட்டைப் போக விடாமல் இருப்பதுதான் காரியம். மின்சாரம் நின்ற உடனேயே, குளிர்ந்த பிறகு அல்ல, தொட்டியின் நான்கு பக்கத்தையும் கம்பளியால் சுற்ற வேண்டும். கம்பளி போதாவிட்டால் ரஜாய், பழைய போர்வை, காகித அட்டை, எதுவும் ஆகும். மேலே மூடி போட்டு அதன் மேலும் போர்த்தலாம்; ஆனால் காற்றுப் புக விரலளவு இடைவெளி விட வேண்டும். பெட்டா போன்ற மீன் ஜலத்தின் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் சுபாவமுள்ளது. அதற்கு அந்த மேற்காற்றும் மிகக் குளிர்ந்து விடக் கூடாது.

அடுத்தபடியாகத்தான் வெந்நீர்ப் பாட்டில். இதைப் பலர் பெரிய சஞ்சீவியாக நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 20 டிகிரியில் உள்ள நூறு லிட்டர் தொட்டியில், 60 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் பாட்டிலை மிதக்க விட்டால், தொட்டியின் சூடு அரை டிகிரி கூட ஏறாது. ஐந்து பாட்டில் போட்டாலும் இரண்டு டிகிரி தேறாது. ஆனால் கம்பளி சுற்றிய தொட்டியில், இறங்குகிற சூட்டைத் தாங்கிப் பிடிக்க அது போதும். காஸ் அடுப்பு உள்ளவர்கள் மூன்று, நான்கு பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடலாம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வெந்நீரை நேரே தொட்டியில் ஊற்றுவது கூடவே கூடாது.

பாட்டரி வைத்திருக்கும் வீட்டார் அதை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதில் நமது அபிப்பிராயம் திட்டமானது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றைக் கொண்டு நூறு வாட் ஹீட்டரை ஓட்டினால், ஏட்டுக் கணக்கில் 12 மணி நேரம் வரும்; காரியத்தில் அதில் பாதி வந்தால் பாக்கியம். அதே பாட்டரி, மூன்று வாட் செலவாகும் காற்றுப் பம்பை நாட்கணக்கில் ஓட்டும். ஆகையால் பாட்டரி காற்றுக்கு, கம்பளி சூட்டுக்கு. பம்பும் இல்லையா? ஒரு குவளையால் ஜலத்தை மொண்டு ஒரு ஜாண் உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றினால் பிராணவாயு கலந்து விடும். இந்த வேலையைக் குழந்தைகளிடமே ஒப்படைக்கலாம்; அழுகையும் நிற்கும்.

தீனியை நிறுத்தி விட வேண்டும். குளிரில் மீனுக்கு ஜீரண சக்தி குறைவு. தின்னாத உணவும் கழிவும் அழுகி அம்மோனியா பெருகும். அந்த அம்மோனியாவை மாற்றுகிற நல்ல கிருமிகள் பில்டரின் பஞ்சில் குடியிருக்கின்றன. ஓட்டம் நின்றால் அவை மூச்சுத் திணறிச் சாகும். பஞ்சை எடுத்துத் தொட்டியிலேயே மிதக்க விடுவது நல்லது. மூடிய பில்டராக இருந்தால், மின்சாரம் வந்ததும் அதில் தேங்கிய ஜலத்தைக் கொட்டாமல் ஓட்டக் கூடாது, அது விஷம்.

இப்போது மிக முக்கியமான விஷயம். மீனுக்காகவோ மனிதருக்காகவோ மூடிய அறைக்குள் கரி அடுப்பை மூட்டாதீர்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளும், காரை மூடிய கொட்டகைக்குள்ளும் ஓட விடாதீர்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொண்டு போய்விடும். மேலே சொன்ன 246 பேரில் 19 பேரைக் கொண்டு போனது குளிர் அல்ல, இந்த வாயுதான். அறை அவ்வளவு குளிர்ந்து விட்டால், தொட்டியைப் போர்த்தி விட்டு, குடும்பத்தோடு கணப்புள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும். மீன் பிழைத்தால் பிழைக்கட்டும்.

மின்சாரம் திரும்பியதும் அவசரப்பட வேண்டியதில்லை. ஹீட்டர் முழுவதும் ஜலத்தில் மூழ்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஜலத்துக்கு வெளியே சூடேறிய கண்ணாடிக் குழலில் ஜலம் பட்டால் விரிசல் விடும். பிறகு அதன் போக்கில் விட்டு விட்டால், முன்னே சொன்ன கணக்குப்படி மணிக்கு ஒரு டிகிரிக்கு உட்பட்டே சூடு ஏறும். மீனுக்கு அதுவே இதம். மறுநாள் தீனி, அதுவும் ஒரு சிட்டிகை. அதன் பிறகு பத்து நாள் வரையில் செதிலையும் துடுப்பையும் கவனித்து வர வேண்டும். உப்புக் கல் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால், குளிரில் தளர்ந்த மீனைத் தொற்றும் ஒட்டுண்ணி நோய் அது. மீன் கடைகளில் அதற்கு மருந்து கிடைக்கும்.