பட்டி பூசி விற்கும் பழைய கார்கள்

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கார் பார்க்கப் புறப்படும் நம்மவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர், சிவாஜிநகரில் கடைக் கணக்கு எழுதுகிறவர், ஒயிட்பீல்டில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர் என்று பலதரப்பட்டவர்கள் இதில் உண்டு. குடும்பஸ்தர்கள் வீட்டுக்கு உதவும் சின்னக் காரைத் தேடுகிறார்கள். அதில் சொல்ல அதிகமில்லை. கல்யாணமாகாத இளைஞர்களின் தேட்டம் வேறு. இருபது ஆண்டுகளுக்கு முன் வேகத்துக்கும் ஓட்டும் சுகத்துக்கும் பேர் வாங்கிய வண்டிகளான ஃபோர்டு ஐகான் 1.6, மிட்சுபிஷி லான்சர், ஹோண்டா சிட்டி வி-டெக் ஆகியவற்றைத்தான் அவர்கள் தேடிப் போகிறார்கள். அவற்றை வைத்திருப்பவர்கள் விற்கிற முறையில் நேர்மை போதாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்த மூன்றில் இரண்டு நம் தமிழ்நாட்டில் பிறந்தவை. லான்சர் 1998இல் திருவள்ளூர் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. ஐகான் அதற்கடுத்த ஆண்டு மறைமலைநகரிலிருந்து வந்தது. ஐகானின் 1.6 எஞ்சின் 1,597 சி.சி. கொள்ளளவும் தொண்ணூறுக்குச் சற்று மேற்பட்ட குதிரைச் சக்தியும் கொண்டது. வண்டியின் எடையோ ஏறத்தாழ ஒரு டன்தான். மாருதி 800 ஓட்டிப் பழகிய கால், இதன் ஆக்சிலேட்டரை முதன்முதலாக மிதித்தபோது பெற்ற அனுபவத்தை அந்தக் காலத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. விளம்பரத்திலும் 'ஜோஷ்' என்ற இந்திச் சொல்லையே அதற்குப் பட்டமாகச் சூட்டினார்கள். அப்போது பள்ளிக்கூடம் போய்க் கொண்டிருந்த பையன்கள் இப்போது சம்பாதிக்கிறார்கள். அன்று தெருவோரம் நின்று பார்த்த வண்டி இன்று ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைக்குக் கிடைக்கும்போது ஆசை வராமல் இருக்குமா?

ஆசைப்படுகிறவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த ஆசையை எடை போட்டு விலை வைக்கிறவரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊரில் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது புரியும். அங்கே வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். விற்கிறவனும் கொம்பைச் சீவி எண்ணெய் தடவிக் கொண்டு வருவான். கார் விற்பனையும் அதே கதைதான். மாட்டுக்கு எண்ணெய் தடவுவது அழகுக்கு. காருக்குப் பட்டி பூசுவது ஓட்டையை மறைக்க. கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, டிக்கியின் தரை ஆகிய இடங்களில் துரு தின்ற தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தால் செலவு அதிகம். பட்டியை அப்பித் தேய்த்து மேலே பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். அதற்குள் வண்டி கை மாறிவிடும். காந்தத் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போனால் இந்த வித்தை பலிக்காது. தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும், பட்டி இருக்கும் இடத்தில் நழுவும். ஆனால் காந்தத்தை எடுத்தவுடன் முகம் சுளிக்கிற விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முகம் சுளிப்பதே போதிய விடைதான்.

எஞ்சினை முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பது இன்னொரு தந்திரம். இரவெல்லாம் நின்ற எஞ்சினைக் காலையில் முதல் தடவை கிளப்பும்போதுதான் அதன் உண்மைக் குரல் கேட்கும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் அடிக்கடி குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். பார்க்க வருகிறவர் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, அது சுடுகிறதென்றால் மறுநாள் விடியற்காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவதே நல்லது.

ஓடிய கிலோமீட்டரை மறைப்பதுதான் எல்லாவற்றிலும் வேடிக்கை. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால் அது ஏதோ குற்றம்போல நினைத்து, மீட்டரைப் பின்னால் தள்ளி எண்பதாயிரம் என்று காட்டுகிறார்கள். மீட்டர் பொய் சொன்னாலும் கிளட்ச் பெடலின் ரப்பர் பொய் சொல்வதில்லை. மழமழவென்று தேய்ந்த ஸ்டியரிங்கும் நைந்துபோன டிரைவர் சீட்டும் சொல்லிவிடும். உண்மையில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி, வேளாவேளைக்கு ஆயில் மாற்றிய எஞ்சின், ஐந்தாண்டு ஷெட்டில் தூங்கிய எஞ்சினைவிடப் பல மடங்கு மேல். நின்றே கிடந்த வண்டியில் ரப்பர் காய்ந்துவிடும், பெட்ரோல் டாங்க் துருப்பிடிக்கும், பிரேக் இறுகிவிடும். ஆகவே அதிகம் ஓடியதை வெட்கப்பட்டு மறைப்பதற்குப் பதில், சர்வீஸ் பில்களை ஒரு கட்டாகக் கட்டி மேஜைமேல் வைத்தால் அந்த வண்டிக்கு அதுவே மதிப்பு.

வாங்குகிறவர் தலையில் பிறகு விழுவது என்ன என்பதையும் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, வண்டி 90,000 ரூபாய்க்கு முடிந்தது என்று வைத்துக் கொள்வோம். சேமிப்பு முழுவதும் அதில் போயிற்று. முதல் மாதத்தில் நான்கு டயர். இரண்டாம் மாதத்தில் ஷாக் அப்சார்பரும் கீழ்க்கை புஷ்களும். மூன்றாம் மாதத்தில் கிளட்ச். மழை வந்ததும் மிதியடிக்குக் கீழே தண்ணீர். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் சாலை தெரிகிறது. டிங்கர் வேலையும் பெயிண்டும் என்று ஒர்க்ஷாப்காரர் சொல்லும் தொகை, வண்டியின் விலைக்கே பக்கத்தில் வந்து நிற்கும். கடன் வாங்குகிறார். சீட்டை முன்கூட்டியே எடுக்கிறார். ஊருக்கு அனுப்பும் பணத்தில் கைவைக்கிறார். கடைசியில் அரைகுறையாகப் பிரித்துப் போட்ட வண்டி ஒர்க்ஷாப் மூலையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. யானையைக் கட்டித் தீனி போடுவதென்பது ஜமீன்தாருக்கே சிரமமான காரியம். மாதச் சம்பளக்காரருக்கு யானையை விற்கிறவர், அது தின்னும் தீனியின் கணக்கையும் சொல்லிவிட்டுத்தானே விற்க வேண்டும்?

உதிரி பாகங்கள் கிடைப்பதும் நாளுக்கு நாள் சிரமமாகிறது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகரில் 2022ஆம் ஆண்டோடு கார் வேலை நின்றது. ஐகான் உற்பத்தி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. இன்று பிரேக் பேட், ஃபில்டர் போன்றவற்றுக்கு ஜே.சி. ரோட்டில் கவலையில்லை. ஹெட்லைட் கண்ணாடி, கதவு பீடிங், டாஷ்போர்டுத் துண்டுகள் போன்றவை வேண்டுமானால் சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் அலைய வேண்டும். அங்கும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டைக்கு ரயிலேற வேண்டியதுதான். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பது ஒரு நல்ல அம்சம். ஆனால் தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூடு நாளடைவில் விரிந்து தண்ணீர் கசியும். அதைக் கவனியாமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறி ஹெட் வளைந்துவிடும். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக முழு எஞ்சினையும் இறக்கிய கதைகள் ஒர்க்ஷாப்களில் நிறையக் கேட்கலாம்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் வந்துவிட்டது. அந்தப் பெட்ரோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வண்டிகள் அல்ல இவை. பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்றியாக வேண்டும். விற்கிறவர் அவற்றை மாற்றியிருந்தால் பில்லைக் காட்டட்டும். மாற்றவில்லையென்றால் அதையும் சொல்லட்டும்.

இனி காகித விஷயம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அதை 5,000 ஆக்கினார்கள். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். கெடு தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் வீதம் கூடுதல் கட்டணம். இந்த ஐகான்களும் லான்சர்களும் பெரும்பாலும் இருபதைத் தொட்டவை அல்லது தாண்டியவை. பதிவு முடிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது திடீரென்று "இடமில்லை, அதனால் விற்கிறேன்" என்று சொல்கிறவரின் இடப்பற்றாக்குறை எப்படிப்பட்டது என்று வாங்குகிறவர் ஊகித்துக் கொள்ள வேண்டும். ஆர்.சி.யில் பேங்க் கடன் பதிவு இன்னும் இருக்கிறதா, சேஸிஸ் நம்பர் ஒத்துப் போகிறதா என்பதையெல்லாம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது தவறு.

விற்கிறவருக்கும் ஆபத்து இருக்கிறது. இதைப் பலர் உணர்வதில்லை. படிவம் 29இலும் 30இலும் வெறுமனே கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணி வாங்கியதோடு தொல்லை விட்டது என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலத்தில் பதிவான வண்டியானால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. 2018 பிப்ரவரி 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் தம் காரை 2007இல் விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் வேறொருவருக்கு என்று வண்டி கை மாறிக் கொண்டே போயிற்று. யாரும் பெயர் மாற்றவில்லை. 2009இல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அந்த வண்டியை விற்று இரண்டாண்டு ஆனவர் அவர்! வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்கப்படும் காரை விற்கிறவர் இந்தத் தீர்ப்பை இரண்டு முறை படிக்க வேண்டும்.

2023 ஏப்ரல் முதல், ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் ஒப்படைத்து, உரிய படிவத்தில் ஆன்லைனில் தகவலும் கொடுத்துவிட்டால் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுகிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கீகாரம் உண்டா என்று கேட்காமல், சாயாக்கடைப் புரோக்கரிடம் சாவியைக் கொடுக்கிறவருக்கு இதனால் பயனில்லை.

குறைகளைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று கேட்பார்கள். இந்த வண்டிகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கே இடமில்லை. இவற்றைத் தேடி வருகிறவர்களில் விஷயம் தெரிந்த பாதிப் பேர், ஐகானில் எங்கே துருப்பிடிக்கும், லான்சரில் எந்தப் பாகம் கிடைக்காது என்பதை விற்கிறவரைவிட நன்றாக அறிந்தவர்கள். ஸ்ரீபெரும்புதூர் ஓடுதளத்தில் பழைய வண்டியைச் சீர்செய்து ஓட்டிப் பார்க்கும் ஆசையில் இருப்பவருக்குச் சிதைந்த சீட்டும் வெளுத்த பெயிண்டும் ஒரு பொருட்டே அல்ல. அவருக்கு வேண்டியது நேரான சேஸிஸ், விபத்தில் சிக்காத உடம்பு, திறந்து பார்க்காத எஞ்சின். துருவைத் துருவாகவே காட்டினால் அவர் செலவைக் கணக்கிட்டு ஒரு விலை சொல்வார். பட்டி பூசிய தகட்டைப் பார்த்தால் உள்ளே எவ்வளவு என்று தெரியாமல் பாதி விலை சொல்வார். விஷயம் தெரியாத மீதிப் பாதிப் பேரைத்தான் பட்டி ஏமாற்றுகிறது. கையில் காசு குறைந்தவர்களும் அவர்களே.

ஆகவே விற்க நினைப்பவர் ஒரு முழுத்தாளில் எழுதி வைக்கட்டும். ஓடிய தூரம், மாற்றிய பாகங்கள், மாற்ற வேண்டியவை, மழை ஒழுகும் இடம், ஏசி வேலை செய்கிறதா, எத்தனை உரிமையாளர்கள், பதிவு எந்த மாதம் முடிகிறது - எல்லாம் அதில் வரட்டும். கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை வாங்குகிறவரிடம் கொடுக்கட்டும். தம் மெக்கானிக்கை அழைத்து வருகிறேன் என்று அவர் சொன்னால் தடுக்க வேண்டாம். 'ஆர்வலர் விலை' என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. தரை இற்றுப்போன வண்டிக்கு அப்படியொரு விலை கிடையாது. தரையும் தூணும் போன பிறகு அது உதிரி பாகத்துக்கான வண்டி. அதை அப்படியே சொல்லி, அதே ரக வண்டி வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கலாம். புதுக் கார் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை பெற மத்திய அரசின் விதியில் இடமிருக்கிறது.

வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு போகப் போகிறேன் என்று வாங்குகிறவர் சொன்னால், படிவம் 28இல் ஆட்சேபணையின்மைச் சான்று வாங்கித் தரும் வரை முழுப் பணத்தையும் கேட்பது முறையல்ல. அங்கே மறுபடியும் வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு சின்ன விஷயம் பாக்கி. சாவியைக் கொடுக்குமுன் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டாகைப் பிய்த்தெடுத்து, பேங்க்கில் அந்தக் கணக்கையும் மூடிவிட வேண்டும். மறந்துவிட்டால், வாங்கியவர் ஓசூருக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில் விற்றவரின் பணம் கழியும்.