முன்பிரேக்கை மறந்த ஊர்



ஆனியும் ஆடியும் ஒரு மழை, ஐப்பசியும் கார்த்திகையும் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் இளவட்டங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கோதையாறு, காளிகேசம், மாறாமலை என்று மலையேறிவிடுகிறார்கள். ஏறட்டும், நல்ல இடங்கள்தான். இறங்குவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும்.

“முன்பிரேக்கத் தொடாத மக்கா, தலைகுப்புற அடிச்சிரும்!” நம் ஊரில் பைக் பழக்குகிறவர்கள் சொல்லித்தரும் முதல் பாடம் இது. பாதிதான் உண்மை. மணலிலோ ரப்பர் இலை நனைந்து கிடக்கும் வளைவிலோ சட்டென்று இறுக்கினால் சறுக்கும், சரி. ஆனால் பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்கு வந்துவிடுவதால், வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு அதற்குத்தான். அதைச் சும்மா விட்டுவிட்டுப் பின் டிரம்மையே மிதித்துக்கொண்டு இறங்கினால், சூடேறிப் பிடிமானம் குறையும். மிதி ஆழமாகப் போகும், வண்டி நிற்காது. அந்த நேரத்தில் முன்பிரேக்கைத் தேடினால், முட்டம், குளச்சல் பக்கத்து வண்டிகளில் அது உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடக்கும்.

டிஸ்க் வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகோ தர அளவே 155தான். கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழி. லீவர் கைப்பிடியைத் தொடும், பிடிமானம் இருக்காது.

அப்படி நேர்ந்தால் லீவரைப் பலமுறை விட்டு விட்டு அழுத்திப் பாருங்கள், சிலசமயம் மீளும். ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு, கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். நாலாவதிலிருந்து ஒரே தாவலில் முதல் கியருக்கு வந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்துக்கொண்டே உருளாதீர்கள். என்ஜின் இழுத்துப் பிடிப்பதுதான் அப்போது மிச்சமுள்ள பிரேக். ஹாரனை விடாமல் அடியுங்கள். பள்ளத்துப் பக்கம் விட்டு மலையோரம் ஒதுங்குங்கள். காலை ஊன்றி நிறுத்தப் பார்த்தால் கணுக்கால் போய்விடும். கியரில்லாத ஸ்கூட்டரில் இந்த என்ஜின் பிடி குறைவு. வேகம் தணிந்தால் அதுவும் விட்டுப்போகும். ஸ்கூட்டரில் மலையேறுகிறவர்கள் இறக்கத்தின் தொடக்கத்திலேயே மெதுவாகி, இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020-இல் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் பெட்ரோலை ஊசிவழி பீய்ச்சுபவை. கியரில் இறங்கும்போது அவை பெட்ரோலைத் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். என்ஜின் ஓட நியூட்ரலில் இறங்கினால்தான் செலவு!

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குட்பட்ட வண்டிகளுக்கு இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் பிரேக்காவது வேண்டும் என்றது அன்றைய விதி. நம் தெருக்களில் அதற்கு முந்திய வண்டிகள் இன்னும் ஏராளம். அடுத்த சர்வீசுக்கு விடும்போது முன்பிரேக் கேபிளையும் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்; ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்